டாஷ்போட் இறக்காமல் ஹீற்றர் கோர் பைப் கழட்டலாமோ? (2006 கிராண்ட் கரவான்)

2019 ஜனவரி 12, பகல் – கேட்டவர்

2006 டொட்ஜ் கிராண்ட் கரவான், 3.3 எஞ்சின், கனடா ஸ்காபரோ. ஹீற்றர் போட்ட உடனை முன் கண்ணாடிக்கு உள்பக்கம் எண்ணெய் பூசின மாதிரி ஒரு படை பிடிக்குது, துடைச்சாலும் போகுதில்லை. இனிப்பு மணம் ஒண்டு வேற. றைவர் பக்கக் கார்ப்பெற் ஈரம். கூலன்ற் கிழமைக்கு அரைப் போத்தல் குறையுது, நிலத்தில ஒரு சொட்டும் இல்லை. கராஜில டாஷ்போட் முழுக்க இறக்கோணுமாம், 1100 டொலராம். ஹீற்றர் கோருக்குப் போற ரெண்டு பைப்பைக் கழட்ட உண்மையா முழுக்க இறக்கோணுமோ? ஆரும் செய்தவை இருக்கினமோ?

ஜனவரி 12, இரவு

இறக்கத் தேவையில்லை. போன கிழமைதான் அதே வான், அதே வருசம், என்ர வீட்டு றைவ்வேயில செய்து முடிச்சனான். முதுகு இன்னும் நோகுது, அந்த நோவோடதான் எழுதுறன்.

டாஷ்போட் இறக்கோணும் எண்டு சொல்லுறது வேற கனக்க வாகனத்துக்குச் சரி. பழைய ஜீப் றாங்ளர், அந்த 1997 தொடக்கம் 2006 வரைக்கும் வந்தது, அதுக்கெல்லாம் டாஷ்போட்டைக் கழட்டி முழு ஹீற்றர் பெட்டியையும் வெளியில எடுக்கோணும், ஏசி காஸையும் முறையா இறக்கோணும். கரவான் அப்பிடி இல்லை. இதில கோர், அதாவது சூடான கூலன்ற் ஓடிக் காத்தைச் சூடாக்கிற சின்ன றேடியேற்றர், ஹீற்றர் பெட்டியின்ர இடப்பக்கத்தில, பிறேக் பெடலுக்குப் பின்னால, பக்கவாட்டில செருகிக் கிடக்கு. மேசை லாச்சி மாதிரி இழுத்து எடுக்கலாம். லாச்சிக்கு முன்னால பெடலும் ஸ்ரியறிங் தண்டும் நிக்கிறதுதான் பிரச்சினை.

எஞ்சின் ஆறினாப் பிறகு தொடங்குங்கோ. றேடியேற்றருக்குக் கீழ இருக்கிற பிளாஸ்ரிக் திருகைத் திறந்து கூலன்றை வாளியில பிடிச்சுப்போட்டு, எஞ்சினுக்குப் பின்னால ஃபயர்வோலில (எஞ்சினையும் வானின்ர உள்பக்கத்தையும் பிரிக்கிற தகட்டுச் சுவர்) ஏறுற ரெண்டு றப்பர் ஹோஸையும் கழட்டோணும். எஞ்சின் குறுக்கால கிடக்கிறதால அந்த இடத்துக்குக் கை போறதே பெரும்பாடு. ஹோஸ் பன்னிரண்டு வருசமா பைப்போட ஒட்டிக் கிடக்கும், இழுக்காதேங்கோ, முதல் முறுக்குங்கோ, அசையாட்டி பிளேட்டால நீளத்துக்குக் கீறி உரிச்சு எடுங்கோ. ஹோஸ் போனால் புதுசு மலிவா வாங்கலாம், பைப் வளைஞ்சால் வேற கதை. கழட்டினாப் பிறகு ஒரு பைப்புக்குள்ள மெதுவாக் காத்து அடியுங்கோ, சைக்கிள் பம்ப் காணும், கோருக்குள்ள நிக்கிற தண்ணி மற்றப் பைப்பால வெளியில போயிடும். நான் இதைச் செய்யேல்லை. அதால அரை லீற்றர் என்ர மடியில.

உள்ளுக்க எண்டால், ஸ்ரியறிங்குக்குக் கீழ இருக்கிற மூடியைக் கழட்டி, பிறேக் லைற் சுவிச்சை எடுத்து, பெடலில இருந்து பிறேக் பூஸ்ரருக்குப் போற கம்பியின்ர பின்னைக் கழட்டி, ஸ்ரியறிங் தண்டு கீழ பொருந்திற இடத்து போல்ற்றையும் கழட்டி தண்டை ஒதுக்கினால், கோரை மூடின பிளாஸ்ரிக் தட்டு தெரியும், அதையும் எடுத்தால் நீங்கள் கேட்ட ரெண்டு பைப்பும் கண்ணுக்கு முன்னால. ரெண்டையும் சேத்துப் பிடிக்கிறது ஒரே ஒரு தகடு. அந்தத் தகட்டுக்கு ஒரே ஒரு திருகாணி. அவ்வளவுதான், 1100 டொலரும் அந்தத் திருகாணிக்குத்தான். அதைக் கழட்டி ரெண்டு பைப்பையும் ஒரே நேரத்தில எஞ்சின் பக்கம் தள்ளோணும், ஒண்டை மட்டும் தள்ளினால் மற்றது சரிஞ்சு இறுகிப்போகும். பைப் விட்டாப் பிறகு அக்சிலறேற்றர் பெடலை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால கோரை இழுக்க வரும்.

எனக்கு முழுக்க ஏழு மணித்தியாலம். அதில ரெண்டு மணித்தியாலம் விழுந்த திருகாணி தேடினது.

ஜனவரி 13, காலமை

நேற்று முக்கியமானதை விட்டுட்டன், மனிசி வாசிச்சுப்போட்டு "எயார்பாக் பற்றி எழுதேல்லையே" எண்டு கேட்டவ. பற்றறியின்ர மைனஸ் வயரை முதல் கழட்டி ரெண்டு நிமிசமாவது விடுங்கோ, அதுக்குப் பிறகுதான் ஸ்ரியறிங் பக்கம் கை வையுங்கோ.

மற்றது, தண்டு கழண்டு நிக்கேக்க ஸ்ரியறிங்கைச் சுத்தக்கூடாது. முன் சில்லு ரெண்டையும் நேரா வைச்சு, சீற் பெல்ற்றை ஸ்ரியறிங்குக்குள்ளால கொழுவி இறுக்கிப்போட்டு வேலையைத் தொடங்குங்கோ. ஸ்ரியறிங்குக்குள்ள எயார்பாக்குக்கும் ஹோணுக்கும் போற றிபன் வயர் ஒண்டு சுருண்டு கிடக்கு, குளொக் ஸ்பிறிங் எண்டு சொல்லுவினம். தண்டு இல்லாமல் சும்மா சுத்தினால் அது அளவு கடந்து அறுந்திடும்.

ஜனவரி 14

ஒருத்தர் "விரலால தொட்டு நக்கிப் பாத்தால் கூலன்றோ தண்ணியோ எண்டு தெரியும்" எண்டு எழுதியிருக்கிறார். ஐயா, வேண்டாம். கூலன்றில இருக்கிற எதிலீன் கிளைக்கோல் இனிக்கும், அதுதான் அதில இருக்கிற ஆபத்தே. நாயும் பூனையும் குழந்தையும் அந்த இனிப்புக்குத்தான் குடிக்கிறது, பிறகு கிட்னி போயிடும். வாளியை மூடி வையுங்கோ, றோட்டுக் கானுக்குள்ள ஊத்தாதேங்கோ, சிற்றியின்ர கழிவு எடுக்கிற இடத்தில குடுக்கலாம்.

தெரியோணுமெண்டால் வெள்ளை ரிஷூ ஒண்டை ஈரத்தில ஒத்திப் பாருங்கோ. நிறமும் பிசுபிசுப்பும் இருந்தால் கூலன்ற். வெறும் தண்ணி எண்டால் சப்பாத்தில வந்த பனி, இல்லாட்டி வேற எங்கையோ ஒழுக்கு. கோடையில எண்டால் ஏசித் தண்ணி வெளியில போற குழாய் அடைச்சாலும் கார்ப்பெற் நனையும். கேட்டவருக்கு மணமும் இருக்கு, கண்ணாடியில படையும் இருக்கு, கூலன்றும் குறையுது, அதால அங்கை சந்தேகம் இல்லை.

இன்னொருத்தருக்கு ஒழுக்கே இல்லையாம், சூடுதான் வருகுதில்லையாம். அது வேற வருத்தம். எஞ்சின் சூடானாப் பிறகு ஃபயர்வோலில அந்த ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கோ, ஃபானில கை படாமல். ஒண்டு கொதிச்சு மற்றது பச்சைத் தண்ணி மாதிரி இருந்தால் கோர் அடைச்சிருக்கு. ரெண்டும் கொதிச்சும் உள்ளுக்க குளிர்காத்து எண்டால் காத்தைத் திருப்பிற கதவோ அதை ஆட்டிற மோட்டரோ. ரெண்டும் வெதுவெதுப்பு எண்டால் தேமொஸ்ராற் (எஞ்சின் சூடேறினாப் பிறகு கூலன்றைத் திறந்து விடுற வால்வ்) திறந்தபடி நிக்குது, இல்லாட்டி கூலன்ற் காணாது. அடைச்ச கோருக்கு உள்ளுக்க ஒண்டும் கழட்டத் தேவையில்லை, ஹோஸைக் கழட்டி தோட்டத்துக் குழாயால மாறிமாறி ரெண்டு பக்கத்தாலயும் மெதுவாத் தண்ணி விட்டால் காணும். மெதுவா. வேகமா அடிச்சு நல்ல கோரை வெடிக்க வைச்சவையும் இருக்கினம்.

ஜனவரி 20

எழுத வெக்கமாக் கிடக்கு. எனக்குத் திரும்ப ஒழுகுது.

நேற்று இரவு பனிக்குள்ள கடைக்குப் போகேக்க மணம் வந்தது. மனசு சொல்லுது அது பழைய கார்ப்பெற் மணம் எண்டு, ஏனெண்டால் நான் அதை வடிவாக் காயவிடேல்லை. வீட்டை வந்து ரோச் அடிச்சுப் பாத்தால் பைப் பொருந்திற இடத்தில செம்மஞ்சள் துளி ஒண்டு தொங்கிக்கொண்டு நிக்குது. புதுக் கோர். பைப் கோரோட பொருந்திற இடத்துக்குப் புது ஓ-றிங், அந்த றப்பர் வளையம். ஏழு மணித்தியாலம்.

கேட்டவர், நீங்கள் இன்னும் தொடங்கேல்லையெண்டால் ஒரு கிழமை பொறுங்கோ. நான் என்ன பிழை விட்டனான் எண்டு பாத்துச் சொல்லுறன்.

ஜனவரி 21

"ஹோஸ் ரெண்டையும் வெளியில ஒண்டோட ஒண்டு பொருத்தி கோரை வெட்டி விடலாமே, ஊரில எல்லாரும் அதுதானே செய்யினம்" எண்டு ஒரு அண்ணை. ஊரில செய்யலாம், அங்கை ஆருக்கு ஹீற்றர் வேணும். இஞ்சை ஜனவரியில ஹீற்றர் இல்லாட்டி கால் விறைக்கிறது மட்டும் இல்லை, முன் கண்ணாடி உள்ளுக்கயும் ஐஸ் பிடிச்சு றோட்டே தெரியாது. கார்ப்பெற் நனையாமல் ரெண்டு நாள் சமாளிக்க அது காணும், நானும் இப்ப அப்பிடித்தான் பொருத்திப்போட்டு ஜக்கெற்றும் கையுறையுமா வேலைக்குப் போறன். கோடைவரைக்கும் எண்டு நினைக்காதேங்கோ.

ஜனவரி 26, பின்னேரம்

கண்டுபிடிச்சாச்சு. பிழை என்ரதான்.

பழைய ஓ-றிங் ரெண்டில ஒண்டுதான் பைப்போட வந்தது. மற்றது பழைய கோருக்குள்ள நிண்டிருக்கும், கோரோட போயிட்டுது எண்டு நினைச்சு நான் பாக்கேல்லை. அது பைப்பின்ர கழுத்தில தட்டையா ஒட்டிக் கிடந்திருக்கு, கறுப்பில கறுப்பு, அந்த இருட்டுக்குள்ள ஆருக்குத் தெரியும். அதுக்கு மேல புதுசையும் போட்டிருக்கிறன். ஒரு பைப்பில ஒண்டு, மற்றதில ரெண்டு. தகடு சரிஞ்சு நிண்டிருக்கு, நான் திருகாணியை இறுக்கினால் நேராகும் எண்டு இறுக்கிக்கொண்டே போயிருக்கிறன். எண்ணெய் ஃபில்ற்றர் மாத்தேக்க பழைய றப்பர் எஞ்சினில ஒட்டி நிக்க அதுக்கு மேல புதுசைப் போட்டு எண்ணெய் முழுக்கக் கொட்டின ஆக்கள் இருக்கினமே, அந்தச் சாதிதான் நானும்.

அதால 12 ஆந் திகதி எழுதினதுக்குத் திருத்தம்: பைப் விட்ட உடனை ஓ-றிங் ரெண்டையும் எண்ணி மேசையில வையுங்கோ. ரெண்டும் மேசையில இல்லாட்டி அடுத்த வேலைக்குப் போகாதேங்கோ. பைப்பின்ர கழுத்தைத் துணியால துடைச்சு, விரல் நகத்தால தடவி, சின்னக் கண்ணாடி ஒண்டு பிடிச்சுப் பின்பக்கமும் பாருங்கோ. புது ஓ-றிங்குக்குக் கிறீஸ் பூசக்கூடாது. கூலன்றுக்கு எண்டு வாற றப்பர் கூடுதலா ஈபிடிஎம், அதுக்கு மண்ணெண்ணெய்ச் சாதி ஒண்டும் ஒத்துவராது, ஊதிப்போகும். புதுக் கூலன்றிலயே நனைச்சுப் போட்டால் காணும். தகட்டைக் கையால அமத்தி, அது தானா மட்டமா இருந்தாப் பிறகுதான் திருகாணி. திருகாணி பிடிச்சு வைக்கிறதுக்கு, இழுத்து நேராக்கிறதுக்கு இல்லை.

இந்த முறை மூண்டு மணித்தியாலம்தான். கை பழகிட்டுது.

ஜனவரி 31

வெளியில நிண்டு மூச்சு விட்டால் மூக்கு மயிர் விறைக்குது. அமெரிக்காப் பக்கமும் இதே குளிர்தான், துருவச் சுழல் எண்டு செய்தியில சொல்லிக்கொண்டிருக்கினம். ஆனால் வானுக்குள்ள சட்டையோட இருக்கலாம். ஒழுக்கு இல்லை, மணம் இல்லை.

டாஷ்போட்டுக்குப் பின்னால தண்ணி ஓடுற மாதிரி கடகட சத்தம் எண்டு ஒருத்தர். அது கோருக்குள்ள நிக்கிற காத்து. வானின்ர மூக்கு மேல நிக்கிற மாதிரி சரிவில விட்டு, எஞ்சின் ஆறினபடி இருக்கேக்க கூலன்ற் மூடியைத் திறந்து, ஹீற்றரை முழுச் சூட்டில வைச்சு ஸ்ராட் பண்ணி, தேமொஸ்ராற் திறந்து மட்டம் இறங்க இறங்க ஊத்துங்கோ. சூடான எஞ்சினில மூடியைத் திறக்காதேங்கோ, முகம் அவிஞ்சுபோகும்.

கூலன்ற் கலவை பற்றியும் சொல்லோணும், ஏனெண்டால் என்ர மச்சான் ஒருத்தர் குளிர் கூட எண்டு தண்ணி கலக்காமல் தனிக் கூலன்றா ஊத்தி வைச்சிருந்தவர். பாதிக்குப் பாதி தண்ணி கலந்தால்தான் -37 வரைக்கும் உறையாது. தனிக் கிளைக்கோல் -13 அளவிலயே உறையத் தொடங்கிடும். நம்பமாட்டியள், நானும் நம்பேல்லை, புத்தகத்தில பாத்தாப் பிறகுதான். தண்ணியும் குழாய்த் தண்ணி வேண்டாம், காய்ச்சி வடிச்ச தண்ணி போத்தலில வாங்குங்கோ.

நிறத்தையும் நம்பாதேங்கோ. இந்த வானுக்கு வாறது செம்மஞ்சள், ஹோற் (HOAT) வகை. வேற கொம்பனியின்ர டெக்ஸ்கூலும் செம்மஞ்சள்தான், ஆனால் அது வேற மருந்து. போத்தலில எழுதியிருக்கிறதை வாசிச்சுப் பாத்து வாங்குங்கோ.

பெப்ரவரி 3

"உங்களுக்கு இந்த வேலை எங்கை பழகினது" எண்டு கேட்டிருக்கினம். எங்கையும் இல்லை. யாழ்ப்பாணத்தில 90களில மாமாட்ட ஒரு ஏ-போட்டி கார் நிண்டது, ஒஸ்ரின் ஏ-40. பொருளாதாரத் தடையால பெற்றோல் யானை விலை. கார்புறேற்றருக்குள்ள ஒரு பீச்சல் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயில ஓட்டுறது. அந்தப் பெற்றோல் போத்தலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற பெடியன் நான். சுருட்டுப் புகை மாதிரி வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு போகும். கூலன்ற் எண்டு ஒண்டு இருக்கெண்டே எங்களுக்குத் தெரியாது, கிணத்துத் தண்ணிதான். அந்தக் காரில எந்தப் போல்ற்றையும் நிண்டபடி தொடலாம். இந்த வானில பிறேக் பெடலுக்குக் கீழ தலையை வைச்சு, கால் ரெண்டும் சீற்றுக்கு மேல. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வந்து உயிரோட இருக்கிறியோ எண்டு கேட்டுட்டுப் போறா.

பெப்ரவரி 10

இது வயித்தெரிச்சல்.

பழைய கோரை எறிய முதல் ஒருக்காப் பாப்பம் எண்டு, ஒரு வாயை றப்பர் அடைப்பால அடைச்சு, மற்றதில சைக்கிள் பம்பைப் பொருத்தி, குளிக்கிற தொட்டித் தண்ணிக்குள்ள தாட்டு மெதுவாக் காத்து அடிச்சனான். ஒரு குமிழி இல்லை. பத்து நிமிசம் பாத்தன். மனிசி வந்து குளிக்கிற தொட்டிக்குள்ள என்ன கருமம் எண்டு கேட்டா, அப்பவும் குமிழி இல்லை.

கோர் நல்லாத்தான் இருந்திருக்கு. முதலில ஒழுகினதும் ஓ-றிங்கால. பன்னிரண்டு வருசச் சூட்டிலயும் குளிரிலயும் றப்பர் கல்லு மாதிரி காய்ஞ்சு தட்டையாப் போயிருக்கு, இப்ப மேசையில கிடக்கிறதைப் பாத்தால் வட்டமே இல்லை, சதுரம். பத்து டொலருக்கு உள்ள முடிஞ்சிருக்கவேண்டிய வேலைக்கு நான் புதுக் கோர் வாங்கிப் போட்டிருக்கிறன். சொட்டு எங்கை நிக்குது எண்டு முதல் நாளே பாத்திருக்கோணும். பிளாஸ்ரிக் தட்டைக் கழட்டின உடனை, பைப்பைத் தொட முதல், ரோச் அடிச்சுப் பாருங்கோ: தகட்டடியில ஈரமும் கோரின்ர தட்டுகள் காய்ஞ்சும் இருந்தால் ஓ-றிங். தட்டுகளுக்குள்ள வெள்ளையா ஊத்தை படிஞ்சிருந்தால் கோர்.

அவ்வளவு தூரம் கழட்டினாப் பிறகு கோரையும் மாத்திறதுதான் புத்தி எண்டு ஒருத்தர் சொல்லுறார். அதிலயும் ஞாயம் இருக்கு. நான் இப்ப ரெண்டு பக்கமும் நிக்கிறன்.

பெப்ரவரி 11

கேட்டவர் ஓ-றிங் மட்டும் மாத்தினவராம். ஐஞ்சரை மணித்தியாலமாம், மடியில ஒரு சொட்டும் இல்லையாம். பம்ப் யோசனை என்ரதுதான், ஆனால் பலன் அவருக்கு.

மார்ச் 3

பிறேக் லைற் சுவிச். ஜனவரியில "எடுங்கோ" எண்டு ஒரு சொல்லில எழுதிப்போட்டுப் போயிட்டன்.

ரெண்டு கிழமையா காலமையில பற்றறி செத்துக் கிடக்கு. குளிர், பற்றறி பழசு எண்டு நினைச்சு புதுசு வாங்கினனான். அதுவும் செத்தது. நேற்று இரவு 11 மணிக்குக் குப்பை வைக்கப் போன பக்கத்து வீட்டுக் கிழவி கதவில தட்டி, உன்ர வான் பின்னால சிவப்பா எரியுது எண்டு சொல்லுறா. வானுக்குள்ள ஆருமில்லை, பிறேக் லைற் எரியுது.

அந்த சுவிச் புதுசாப் பொருத்தேக்க பெடலின்ர இடத்துக்குத் தன்னைத் தானே ஒருக்கா அளவு எடுத்துக்கொள்ளும், ஒருக்காத்தான். கழட்டித் திரும்பப் போட்டால் அந்த அளவு பிழைக்கும். நான் ரெண்டு தரம் கழட்டிப் போட்டிருக்கிறன். புதுசு மலிவான சாமான், ஓ-றிங்கோட சேத்து முதலே வாங்கி வையுங்கோ. பெடல் கம்பியின்ர பின்னைப் பிடிக்கிற கிளிப்பும் அப்பிடித்தான், பழசைத் திரும்பப் போடாதேங்கோ, அது பிறேக், விளையாட்டில்லை.

கேட்டவர், உங்கட வானின்ர பின்பக்கத்தை இண்டைக்கு இரவு ஒருக்காப் பாருங்கோ.

மார்ச் 4

அவற்ற வானிலயும் பிறேக் லைற் எரியுதாம்.

ஒக்ரோபர் 19

ஏழு மாசத்துக்குப் பிறகு வாறன். கூலன்ற் திரும்பக் குறையத் தொடங்க, பழைய வேதாளம் எண்டு நினைச்சு பிளாஸ்ரிக் தட்டு வரைக்கும் கழட்டிப் பாத்தாச்சு. உள்ளுக்க எல்லாம் பொட்டுக் காய்ஞ்சு. நல்லகாலம், தகட்டைத் தொடேல்லை.

ஒழுக்கு கீழ. பின் சீற்றுக்குத் தனி ஹீற்றர் இருக்கிற வானுக்கு, முன்னால ஹோஸில இருந்து கிளை பிரிஞ்சு வானுக்கு அடியால ரெண்டு பைப் வலப்பக்கப் பின் சில்லுப் பக்கம் போகுது. பதின்மூண்டு வருசமா றோட்டு உப்பு அடிச்சு அந்தப் பைப் பிஸ்கற் மாதிரி உதிருது. நான் விரலால தொட்டன், விரல் உள்ளுக்க போயிட்டுது. ஓடேக்க ஒழுகிறது றோட்டில போயிடும், நிப்பாட்டினாப் பிறகு நிலத்தில பெரிசாத் தெரியாது, அதால எல்லாரும் உள்ளுக்க தேடுறது. முன்னால கழட்ட முதல் கார்ட்போட் மட்டை ஒண்டை வலப்பக்கப் பின் கதவுக்குக் கீழ போட்டு, எஞ்சினைச் சூடாக்கி அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கோ.

முழுப் பைப்பும் மாத்தினால் வானின்ர பெறுமதியே வந்திடும். நான் கிளை பிரியிற இடத்தில ரெண்டையும் அடைச்சுப்போட்டன். முன் ஹீற்றர் நல்லா வேலை செய்யுது. பின்னால இருக்கிற பிள்ளையளுக்குப் போர்வை. ஊரில ஹீற்றரே இல்லாமல் வளந்தனாங்கள் எண்டு சொன்னன், ஊரில பனியும் இல்லைத்தானே எண்டு சின்னவள் கேக்கிறாள்.

அந்தப் பழைய கோர் இன்னும் கராஜ் தட்டில கிடக்கு. நல்ல சாமான், தொட்டியில தாட்டுப் பாத்தது. ஆருக்கும் வேணுமெண்டால் வந்து சும்மா எடுத்துக்கொண்டு போங்கோ. ஓ-றிங் மட்டும் நீங்கள் வாங்கோணும். ரெண்டு.